கல்லுக்குழியில் படகு விட்ட காலம்

என் ஆயுளில் நான் பார்த்த சுகமான வேலை ஒன்றே ஒன்றுதான். குளத்தங்கரையில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நான்கு படகுகளைக் காவல் காத்த வேலை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் உடம்பு அசந்துபோகிறது. கவ்வாத்துக் கத்தியோடு மலையெல்லாம் ஏறி இறங்கித் தேயிலை வெட்டிய நாட்களை நினைத்தால்கூட இந்த அசதி வருவதில்லை.

அந்தக் குளம் பிறவியிலேயே குளம் இல்லை. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், ரோட்டை ஒட்டி இருந்த கல்லுக்குழி அது. தோட்டத்து ஃபேக்டரிக்கும் ரோட்டுக்கும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் சுவர்களுக்கும் அங்கிருந்துதான் கல் போனது. என் அப்பா அங்கே கல் உடைத்தார். எனக்குப் பதினெட்டு ஆனதிலிருந்து நானும் அவரோடு சம்மட்டி பிடித்தேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கி இந்த நாட்டுக் கொடி ஏறியபோது நாங்களும் நின்று கைதட்டினோம். தோட்டத்து ஆட்களான எங்களை அந்த நாட்டின் பிரஜைகளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான், இனிக் கல் வேண்டாம் என்று தோட்டத்தை நடத்திய துரை குழியை மூடச் சொன்னார்.

கடைசி நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா குழியின் அடிச்சுவர் ஓரமாக இரும்புக் கம்பியால் துளை போட்டுக்கொண்டிருந்தார். கம்பி திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்ததும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. கூட நின்றவர்கள் சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். அப்பா மட்டும் சம்மட்டியை வைத்துவிட்டு, கீழே லயத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டு வந்தார். வந்தவர், பிடுங்கிப் போட்டிருந்த தேயிலைத் தூர்களில் கனமான ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதைச் செதுக்கி முளையாக்கி, சாக்குத் துணி சுற்றி, துளைக்குள் வைத்து அடித்து இறக்கினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

வேலை முடிந்த குழியைச் சும்மா விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கடைசியாக உடைத்த கல்லுக்கு மஞ்சள் குங்குமம் பூசி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, அதற்குப் பிறகுதான் சம்மட்டியைத் தோளில் போடுவோம். அன்று அப்பா கல்லுக்குப் பூசவில்லை. அந்த முளைக்குப் பூசினார். "இதுல அம்மா இருக்கா. எவனும் கைய வைக்கக் கூடாது" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான். அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை. இரண்டு வருஷத்தில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அந்த வழியாகப் போகிறவர்கள் முளைமேல் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அப்பா போன பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் கீழ் லயத்துக்காரி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கும் கீழ் லயத்திலேயே ஒற்றை அறைக் காம்பரா ஒன்று கிடைத்தது. அந்த லயத்துக்கு ஒரு பெருமை உண்டு, அதன் பீலி. பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றைத் தகரத்தில் பிடித்து வெளியே விட்டிருப்பார்கள். கை தடிமனுக்கு விழும். வெயில் காலத்திலும் குறையாது. நாற்பது குடும்பம் அதில்தான் குடித்தது, குளித்தது, துவைத்தது. சண்டை போட்டதும் அங்கேதான். வேறு லயத்தில் பெண் எடுக்கப் போனால், "எங்க பீலித் தண்ணியக் குடிச்சா புள்ளைங்க செவப்பாப் பொறக்கும்" என்று வாய் கூசாமல் சொல்வார்கள். எங்களைப் பார்த்தும் எப்படித்தான் சொன்னார்களோ.

அந்த வயதில் எனக்கு வாய் நீளம். டவுனில் சலூனுக்குப் போய்ப் பேப்பர் படிப்பேன். கூட்டம் நடந்தால் முன்வரிசையில் உட்காருவேன். சாமி இல்லை, பேய் இல்லை, எல்லாம் ஏமாளிகளை ஏய்க்கிற வேலை என்று மேடையில் கேட்டதை லயத்தில் வந்து கொட்டுவேன். மனைவி விளக்கு ஏற்றும்போது, "எண்ணெயத் தலையிலயாவது தேய்க்கலாம்" என்பேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

இப்படி இருக்கையில்தான் டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி கல்லுக்குழியைக் குத்தகைக்கு எடுத்தார். நல்ல மனுஷர்தான், சிரித்த முகம். அளவு நாடாவும் சுருட்டிய காகிதமுமாக வந்து குழியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ரோட்டோரம் எட்டுக் கடை. ஒரு ரொட்டி பேக்கரி. பஸ் பழுது பார்க்கிற ஒரு கராஜ். கடைகளுக்கு மேலே மாடி, இன்சூரன்ஸ்காரர்களும் வக்கீல்களும் வாடகைக்கு எடுக்க அறைகள். குழிக்குள்ளே கல்யாணத்துக்கும் படம் காட்டுவதற்கும் ஒரு ஹோல். அதற்கு முன்னால், கொழும்பிலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள் படகு விட ஒரு குளம். நுவரெலியாவுக்குப் போகிற கார்களில் பாதியை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்னபோது நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். காட்டுச்செடி மண்டிக் கிடந்த குழியில் இத்தனையும் இருந்ததா என்று எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எனக்குக் கல் வேலை தெரியும் என்பதால் ஆட்களை மேய்க்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அடித்து, உடைத்து, மட்டமாக்கினோம். கடைகள் எழுந்தன. ஹோலுக்குத் தகரம் போட்டாயிற்று. படகுகளும் லொறியில் வந்து இறங்கின. குளம்தான் வரவில்லை. மழை பெய்தால் முழங்கால் அளவு நிற்கும், நான்கு நாளில் எங்கேயோ இறங்கிவிடும். சீசன் நெருங்க நெருங்க முதலாளியின் சிரிப்பு குறைந்தது. காய்ந்த குழியில் நான்கு படகும் சேற்றில் சாய்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நான்தான் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே போனேன். "மொதலாளி, தண்ணி இந்தக் குழியிலயே இருக்குங்க. அடைச்சு வச்சிருக்கு."

"யாரு அடைச்சது?"

"எங்க அப்பாதாங்க. வேல முடிஞ்ச குழிக்கு எதுக்கு அடைப்பு? எல்லாம் சாமி சமாச்சாரம்."

மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்கூட முளையைத் தொட வரவில்லை. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டி அலவாங்கை எடுத்தேன். "சாமி இருந்தா என் கைய வாங்கட்டும், பாப்போம்" என்றேன். அப்பா அடித்த முளை லேசில் அசையவில்லை. ஒரு மணி நேரம் நெம்பினேன். கடைசியில் சாக்கும் சேறுமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே தண்ணீர் என் நெஞ்சில் அடித்தது. முதலாளி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நனைந்த கோட்டோடு நின்று, "தம்பி, இந்தக் குளம் இருக்கும் வரைக்கும் உனக்கு இங்க வேலை இருக்கு" என்றார். நான் கிழவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

பத்து நாளில் குளம் ஆள் உயரத்துக்கு மேல் நிறைந்தது. மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து ரோட்டோர வடிகாலான கானுக்குப் போக ஒரு வாய்க்காலும் வெட்டினோம். பேண்ட் வாத்தியம், கலர்க் காகிதத் தோரணம், எல்லாருக்கும் தேத்தண்ணி, பேக்கரி பனிஸ் என்று திறப்பு விழா அமர்க்களப்பட்டது. கொழும்புக் கார்களும் வந்தன. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று எனக்கே தெரியாது, ஆனால் தொப்பி போட்ட கனவான்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். மனைவி அன்று வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனபோது வெறுங்குடம் வாசலில் இருந்தது.

"பத்து நாளாக் கொறஞ்சு வந்த பீலி இப்ப நூலா வடியுதுங்க. ஒரு கொடத்துக்கு ஒரு மணி நேரமாவுது" என்றாள்.

"வெயில் காலம்" என்றேன்.

"எந்த வெயிலுக்கு அது கொறஞ்சிருக்கு? நான் கொமரியா இருந்தப்ப ஒரே ஒரு தடவ இப்பிடி நின்னுச்சு. குழியில கடைசியாக் கல்லு ஒடைச்ச அன்னிக்கு. காலம்பற நின்னுச்சு, மத்தியானம் தன்னால வந்துருச்சு."

அவள் சும்மா பழைய ஞாபகத்தைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா அன்று ஏன் லயத்துப் பக்கம் இறங்கிப் போனார் என்பது அந்த இடத்தில் நின்றபோதுதான் விளங்கியது. அவர் பீலியைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். குழிக்கு அடியில் ஓடிக் கீழே பீலிக்குப் போகிற ஊற்றை நாங்கள் நடுவழியில் குத்திவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அதனால்தான் அடைத்தார். விளக்கிச் சொன்னால் ஒருவன் மறப்பான், இன்னொருவன் நம்பமாட்டான், மஞ்சளும் குங்குமமும் பூசிவிட்டால் எவனும் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் பெற்ற மகன் ஒருவனைத்தான் அவர் சேர்க்கவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொன்னேன். "தம்பி, குளம் இல்லேன்னா கார் நிக்காது. கார் நிக்காட்டி எட்டுக் கடையும் படுத்துரும். கொஞ்சம் பொறு, லயத்துக்கு நானே ஒரு டேங்க் கட்டித் தாரேன். வெளிய சொல்லாத" என்றார். அவர் என்னை ஏமாற்ற நினைத்துச் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. அப்போது அவர் உண்மையாகவே நினைத்திருப்பார். அடுத்த சீசனில் மறந்திருப்பார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

லயத்து ஆட்கள் அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். முளையைப் பிடுங்கியவன் கையை விட்டுவிட்டு எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாள் என்று எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். அவர்கள் சொன்ன காரணம் தப்பு, ஆளைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள். காய்ந்த பீலிக்குப் பூசை போட்டபோது, கோபம் தணியட்டும் என்று என்னையே சூடத் தட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். சாமி இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அன்று இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. துரையிடமும் போனோம். பைப் வரும் என்றார். அவர் மாற்றலாகிப் போனார், அடுத்த துரையும் பைப் வரும் என்றார்.

அதற்குள் பெண்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு சின்னப் பீலி இருந்தது. லயத்திலிருந்து முக்கால் மைல் ஏற்றம். கொழுந்து நிறுத்து முடித்து ஐந்து மணிக்கு வந்து, கூடையை இறக்கி, குடத்தை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். விடியற்காலம் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகுமுன் ஒரு நடை, சாயந்தரம் இரண்டு நடை. ஆம்பிளைகள் பாதிப்பேர் இரண்டு மணிக்கே வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் சீட்டு விளையாடுவார்கள். ஆனால் குடம் எடுக்கமாட்டார்கள். எங்களிடையே அது பொம்பிளை வேலை. குடத்தோடு ஒரு ஆம்பிளை ரோட்டில் போனால் ஒரு மாதத்துக்குப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். பெண்ணடிமை பற்றி மேடையில் கேட்டதையெல்லாம் நான் ஒப்பிப்பேன். குடத்தைத் தொட்டதில்லை.

அந்த ஏற்றம் குளத்துக்கு எதிர்ப்பக்கம்தான் இருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்தால் பாதை முழுவதும் தெரியும். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக என் மனைவி இறங்கி வருவாள். சறுக்குகிற இடத்தில் நின்று, குடத்தை மாற்றிக்கொண்டு, மறுபடி இறங்குவாள். முதல் மாதம் முழுக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள் பெஞ்சைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

ஒன்பது வருஷம். இப்படி ஒரே சொல்லில் எழுதிவிடலாம். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் என்ன ஆனாள் என்பதை எப்படி எழுதுவது? சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவாள். தட்டை மெதுவாக எடுத்து வைப்பேன், அதோடு என் உபகாரம் முடிந்தது. ஒரு மார்கழி மழையில் குடத்தோடு வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டேன். "பாரம் தூக்கக் கூடாது" என்றார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் முதலில் தேடியது குடத்தைத்தான். நசுங்கியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, ஓட்டையில்லை என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். எனக்கு அன்று செத்துவிடலாம் போல இருந்தது. மறுநாள் குளத்துக்குப் போய் படகுக்குத் தார் பூசினேன்.

கல்லுக்குழி பஜாரும் வெகுகாலம் பகட்டாக இருக்கவில்லை. சீசன்காரர்கள் நுவரெலியாவுக்கே போனார்கள், நிறுத்தினாலும் ஒரு தேத்தண்ணியோடு கிளம்பினார்கள். மாடி அறைகளில் வெங்காய மூட்டை அடுக்கினார்கள். ஹோலில் மாதம் ஒரு கல்யாணம் நடந்தால் பெரிது. குளத்தில் பாசி பிடித்து நாறியது. முதலாளி வயதாகித் தளர்ந்துபோயிருந்தார். கடைசி முயற்சியாக, குளத்தை இறைத்துச் சுத்தம் பண்ணி அடியில் சீமெந்து போட்டால் மறுபடி ஆட்கள் வருவார்கள் என்று பெட்ரோல் மோட்டார் கொண்டுவந்தார். ஊற்று வாய்க்கு மட்டும் இடம் விட்டுப் பூசச் சொன்னார்.

மூன்று நாள் இறைத்தார்கள். நான்காம் நாள் காலையில், ஒன்பது வருஷத்துக்கு முன் நான் நெம்பிய துளை சேற்றில் கொப்பளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடி பயந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். தேயிலைத் தூர் ஒன்றைக் கொண்டுவந்து, அப்பா செதுக்கிய மாதிரியே செதுக்கி, சாக்குச் சுற்றி அடித்து இறக்கினேன். பஜார்க் கடையில் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வந்தேன். பூசினேன். சீமெந்துக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதலாளி மேலே நின்று பார்த்தார். "அப்ப உனக்கும் இங்க வேல இல்ல தம்பி" என்றார். "சரிங்க மொதலாளி" என்றேன். அவ்வளவு லேசான சொல்லாக இருந்தது அது.

மறுநாள் பீலியில் தண்ணீர் வந்தது. லயமே திரண்டுவிட்டது. குலவை போட்டார்கள். அம்மா மனமிரங்கிவிட்டாள் என்று என் மனைவியை முன்னால் தள்ளி முதல் குடத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் ஒரு கை அள்ளி வாய்வரை கொண்டுபோனாள். நிறுத்தினாள். முகர்ந்து பார்த்தாள்.

"எண்ண வாட அடிக்குது" என்றாள்.

எல்லாரும் அள்ளிப் பார்த்தார்கள். ஒரு மாதம் விட்டுப் பார்த்தோம், போகவில்லை. கராஜில் கொட்டிய எண்ணெய், பேக்கரிக் கழிவு, ஹோலுக்கு வெட்டிய கக்கூசுக் குழிகள், எல்லாம் ஒன்பது வருஷமாகப் பாறைக்குள் இறங்கியிருந்தன. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்துவிட்டு, துணி துவைக்கலாம், குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்தரம் அவள் வழக்கம்போலக் குடத்தை எடுத்தாள். நானும் கூடக் கிளம்பினேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பாதி ஏற்றத்தில், அவள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். முளையிலிருந்து முதலாளி சொன்னதுவரை ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் குடத்தை மதகுக் கல்லில் வைத்துவிட்டுக் கேட்டாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

"முளையப் புடுங்குனது தெரியாமச் செஞ்சது. அத விடுங்க" என்றாள். கீழே குளம் இருந்த இடத்தையும் என் பெஞ்சையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பெஞ்ச எதுக்கு அந்தப் பக்கம் திருப்பிப் போட்டீங்கன்னு எத்தனையோ நாளு யோசிச்சிருக்கேன். தண்ணியப் பாக்கத்தான்னு நெனச்சேன்."

குடத்தை எடுக்கக் கை நீட்டினேன். அவள் எனக்கு முன்னே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"குடு புள்ள, நான் தூக்குறேன்" என்றேன்.

"வேணாங்க. பழகிப்போச்சு."

வீங்கிய காலை ஊன்றி ஊன்றி அவள் ஏறினாள். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.